பத்துக்கு ஆறரை

கைப்பையின் உள்ளறையில் இருக்க வேண்டிய காதல் கடிதத்தைக் காணோம். அந்த இடத்தில் நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரைத்தாள் மடங்கிக் கிடந்தது.

நாலாம் வகுப்பு டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது, வகுப்பே 'வாலு' என்று கூப்பிடும் பெண் எழுதியதுதான். 'விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வருமாறு தோழியை அழைத்துக் கடிதம் எழுதுக' என்ற கேள்விக்கு வாலு இப்படி விடை எழுதியிருந்தாள்:

'அன்புள்ள தோழி, நீ விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் என் கட்டிலில் படுப்பாய். படுத்தால் உதைப்பாய். இப்படிக்கு உன் உயிர்த்தோழி.'

வாலுவின் தாள் இங்கே இருக்கிறதென்றால் காதல் கடிதம் அங்கே இருக்கிறது. அங்கே என்றால், தலைமையாசிரியையின் மேசையில், மேற்பார்வைக்குப் போன முப்பத்து நான்கு தாள்களின் நடுவில்.



நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி விடுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். 'என் மகளுக்கு இரண்டு நாழாக வயிற்று வழி. ஆகையாழ் வர இயழாது' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. சிறுமியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டாள் என்று நினைத்த டீச்சர், பதினேழு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பெற்றோர் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தினமும் எட்டு மணிச் செய்தியில் நாடே பார்க்கும் முகம். தெருவில் போகிறவர்கள் அவளை 'எட்டு மணி அக்கா' என்றுதான் சொல்வார்கள்.

"அந்த லெட்டர் நான் எழுதினதுதாங்க," என்றாள் எட்டு மணி அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுடைய ழகரத்துக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்து, "அக்கா நாக்கு எப்படி மடங்குதுன்னு பாரு" என்று காட்டிய பெற்றோர் உண்டு. ஆனால் அவள் வாழ்நாளில் வாசித்தாளே ஒழிய எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால், எங்கே ழகரம் விட்டுப்போய்ப் பேர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் அதைத் தூவிவிடுவாள்.

"வெளியே தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அப்படித்தான் வாரம் ஒரு கடிதம் ஆரம்பித்தது. மகளின் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் அவள் எழுதுவாள். டீச்சர் திருத்திப் பத்துக்கு மார்க் போட்டுத் திருப்பித் தருவாள். முதலில் மழையைப் பற்றி வந்தது. பிறகு ஒப்பனை அறையைப் பற்றி. பிறகு மகள் பிறக்கும் முன்பே விலகிப்போன கணவனைப் பற்றி. பிறகு டீச்சரைப் பற்றி. பாடம் எந்த வாரத்தில் காதலாயிற்று என்று இருவருக்கும் தெரியாது. அது நடந்துவிட்டது என்று தெரிந்த வாரத்திலும் டீச்சர் சிவப்பு மையைக் கீழே வைக்கவில்லை. மார்க்கையும் கூட்டிப் போடவில்லை.

டீச்சர் எதிலும் ஒழுங்கு பார்ப்பவள். காதல் கடிதத்தை ஒளித்து வைத்துப் படித்தால் கண்ணில் படும் என்று, மாணவர் தாள்களோடு பதினெட்டாவதாகச் செருகி, ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் திருத்துவாள். இன்றைக்கு மணி அடித்த அவசரத்தில் பதினெட்டை எடுப்பதற்குப் பதில் பத்தொன்பதை எடுத்துவிட்டாள். இவ்வளவுதான் விஷயம்.

போன வருடம் ஓவிய டீச்சர் மறுமணம் செய்துகொண்டதற்கே மூன்று பெற்றோர் மனு எழுதினார்கள். அவர் வேலையை விட்டுப் போனார். இது தெரிந்தால் எத்தனை பேர் எழுதுவார்கள்? தனக்கு வேலை போகும். அவளுக்குப் பேர் போகும். அந்தச் சிறுமி நாளைக்கு எந்தப் பெஞ்சில் உட்காருவாள்?

டீச்சர் வாலுவின் தாளோடு தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"வாங்க டீச்சர், உங்களைத்தான் கூப்பிட இருந்தேன்." தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அவர் முன்னால் அந்தக் கடிதம் விரிந்து கிடந்தது.

"மேடம், அது தவறுதலா வந்த தாளுங்க."

"தவறுதலாவா? பத்துக்கு ஆறரை போட்டு, 'ஒற்றெழுத்தைக் கவனிக்கவும்'னு எழுதியிருக்கீங்களே!"

தலைமையாசிரியை தாளைத் தூக்கிக் காட்டினார்.

"முப்பது வருஷமா இந்த ஒரே கேள்விக்கு விடை பாக்கறேன் டீச்சர். 'இங்கு அனைவரும் நலம், அங்கு எப்படி' தவிர ஒரு வரி பாத்ததில்ல. இது மனசைப் பிடிச்சு உலுக்குது. பேர் எழுத மறந்துட்டா பாருங்க. யாரு பொண்ணு?"

கையில் இருந்தது ஒரே ஒரு தாள். பயந்தவளுக்கு வாயில் வந்ததும் ஒரே ஒரு பேர்.

"வாலு மேடம்."

"நம்ம வாலுவா!" தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான பாத்தேன். 'எல்லோரும் நான் பேசுவதைக் கேட்கிறார்கள்'னு ஒரு வரி வருது. அந்த வாயாடிக்குள்ள இப்படி ஓர் ஏக்கமா! ஆமா, 'சிவப்பு மை'ன்னு யாருக்கு எழுதியிருக்கா?"

"பொம்மையா இருக்கும் மேடம்."

டீச்சர் வெளியே வந்து யோசித்தாள். இதற்கு ஒரே வழி, வாலு 'நான் எழுதவில்லை' என்று சொல்வது. குழந்தை மறுத்துவிட்டால், ஏதோ குளறுபடி என்று மேடம் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். எதற்கும் கவலைப்படாத அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்வாள் என்று டீச்சர் நம்பினாள்.

வாலு வரவழைக்கப்பட்டாள். கடிதத்தைப் பார்த்தாள். அதில் தெரிந்த எழுத்து தன்னுடையதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதன் கீழே இருந்த ஆறரையும் தெரிந்தது. வழக்கமாக அவள் வாங்குவது இரண்டு.

"நீதான் எழுதினியாம்மா?"

"ஆமா மேடம்."

"எப்படிம்மா தோணுச்சு?"

"தானா வந்துச்சு மேடம்."

தாழ்வாரத்தில் டீச்சர் அவளை மடக்கினாள். "ஏண்டி பொய் சொன்னே?"

"நான் எங்கே சொன்னேன் டீச்சர்? நீங்கதானே மேடம்கிட்ட, அதை நான் எழுதினதா சொன்னீங்க." வாலு கண்ணை அகல விரித்தாள். "டீச்சர் பொய் சொல்வீங்களா?"

டீச்சர் அவளை வகுப்புக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை அறிவித்தார். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. சிறந்த கடிதத்துக்குப் பரிசு. அந்தக் கடிதத்தை மேடையில் வாசிக்கப்போகிறவர், நம் பள்ளி மாணவியின் தாயார், சிறப்பு விருந்தினர், எட்டு மணிச் செய்தி வாசிப்பாளர். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சருக்கு மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மேடம், அதுல இருபத்திரண்டு பிழை இருக்கு," என்று கூட்டம் கலைந்ததும் கெஞ்சினாள்.

"அந்தம்மா வாயில பட்டா பிழையெல்லாம் ஓடிப்போயிடும் டீச்சர். கவர்ல போட்டு ஒட்டச் சொல்லிட்டேன். அவங்க மேடையிலதான் பிரிக்கணும். அப்பத்தான் உணர்ச்சி வரும்."

இடைவேளையில் டீச்சர் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தாள். எட்டு மணி அக்கா ஒப்பனை அறையில் இருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தினாள்.

"எத்தனை மார்க் போட்டே?"

"அது இப்ப முக்கியமா?"

"எனக்கு முக்கியம்."

"ஆறரை."

"ஆறரைதானா? போன வாரம் மழை பெய்ததுன்னு எழுதினதுக்கு எட்டு போட்டியே!"

"அதுல பிழை கம்மிங்க." டீச்சருக்கு இன்னும் 'நீ' என்று சொல்ல வராது. ஒன்றரை வருடமாக 'நீங்க'தான்.

"சரி, நான் கேட்டதுக்குப் பதில் எங்கே?"

டீச்சர் நினைவில் தேடினாள். 'நாற்காழி' ஞாபகம் வந்தது. 'அழமாரி', 'வாசழ்' வந்தன. சுழித்த இடமெல்லாம் வரிசையாக வந்து நின்றன. கேள்வி மட்டும் வரவில்லை.

"பிழையைத்தான் பாத்திருக்கே. லெட்டரை நீ வாசிக்கவே இல்ல," என்றது நாடே கேட்கும் குரல், மிகச் சிறியதாக.

"அதெல்லாம் அப்புறம் பேசலாங்க. நீங்க வெள்ளிக்கிழமை வராதீங்க. உடம்பு சரியில்லன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

"வயிற்று வழின்னா?"

"விளையாடாதீங்க. எனக்குக் கை நடுங்குது."

"என் பொண்ணு மேடையில மேகமா வேஷம் கட்டி ஆடப்போறா. வராம இருக்க முடியாது. நீ பயப்படாதே. கவரைப் பிரிச்சதும் சும்மா வேற ஏதாவது அடிச்சு விடறேன். நீ நடுங்காம உக்காரு, அது போதும்."

அந்த வாக்குறுதியை வைத்துக்கொண்டு டீச்சர் மூன்று நாள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓட்டினாள். வெள்ளிக்கிழமை மதியம் அதுவும் போதாது என்று தோன்றியது. மேடையில் வாய் தவறினால்? பழக்கத்தில் கண் தாளுக்குப் போய்விட்டால்? வாலுவின் தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனாள். கவரில் இருப்பதை எடுத்துவிட்டு இதை வைத்துவிட வேண்டும். 'வர வேண்டாம்' என்று மேடையில் வாசிக்கப்பட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிப்பு யார் வேலையையும் பறிக்காது.

அலுவலகத்து எழுத்தரம்மா தங்க நாடா கட்டிய கவரை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அந்தக் கடிதத்தை ஒரு நிமிஷம் குடுங்களேன். ஒரு பிழை விட்டுப்போச்சு."

"ஒட்டியாச்சு டீச்சர்."

"பிரிச்சு ஒட்டிக்கலாம்."

"ஐயையோ, வேண்டாம்!" எழுத்தரம்மா இரண்டடி பின்னால் போனார். "நான் எதையும் பாக்கல டீச்சர். எனக்கு எதுவும் தெரியாது. என்னை எதுவும் கேக்காதீங்க."

ஒன்றும் கேட்காதவளிடம் எதுவும் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? டீச்சர் அவர் கண்ணைத் தேடினாள். அந்தக் கண் சுவர்க் கடிகாரம், அலமாரி, தரை என்று ஓடிற்றே தவிர டீச்சரிடம் வரவில்லை.

படித்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டார். பள்ளிக்கு வரும் விடுப்புக் கடிதமெல்லாம் இவர் கோப்பில்தான் இருக்கிறது. அந்த ழகரத்தை இவருக்குத் தெரியாதா? ஓவிய டீச்சருக்கு எதிரான மனுவுக்கு வரிசை எண் போட்டதும் இதே கைதான்.

டீச்சர் திரும்பி நடந்தாள்.

அரங்கத்தில் நானூறு பேர். டீச்சர் இரண்டாவது வரிசையில் கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேகங்கள் ஆடி முடித்து இறங்கின. எட்டு மணி அக்கா மைக் முன்னால் வந்து நின்றாள். தலைமையாசிரியை சைகை காட்ட, எழுத்தரம்மா கவரைக் கொண்டுபோய் நீட்டினார். நீட்டிய கை ஆடியது.

கவர் பிரிந்தது. எட்டு மணி அக்கா தாளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

'வேற ஏதாவது,' என்று டீச்சர் உதட்டுக்குள் முணுமுணுத்தாள். 'மழை பெய்ததுன்னு சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க.'

"அன்புள்ள சிவப்பு மைக்கு," என்றது அந்தக் குரல்.

டீச்சர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினாள்.

"எங்கள் வீட்டில் மூன்று நாற்காலிகள். இரண்டில் நாங்கள் உட்காருகிறோம். மூன்றாவதில் இத்தனை நாளாகத் துணி குவிந்திருந்தது. நேற்று அதையெல்லாம் மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எங்களால் சாப்பிட முடியவில்லை."

"நம்ம வீட்டுல ஆறு நாற்காலி இருக்கே?" என்று வாலுவின் அப்பா பின்வரிசையிலிருந்து உரக்கக் கேட்டார். "கற்பனைங்க, கற்பனை!" என்று தலைமையாசிரியை அவரை அடக்கினார்.

"நீ எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாய். யாராவது பார்த்தால் உடனே போய்விடலாம் என்று நிற்கிறாய். எனக்குத் தெரியும். எல்லோரும் நான் பேசுவதைக் கேட்கிறார்கள். நான் பேசாமல் இருப்பதை நீ ஒருத்திதான் கேட்கிறாய்."

"பாருங்க டீச்சர், தாளையே பாக்கல," என்று கணக்கு டீச்சர் காதில் கிசுகிசுத்தார். "இதுதான் பயிற்சிங்கறது."

"எனக்கும் பயம்தான். ஆனால் தனித்தனியாகப் பயப்படுவதைவிட, ஒரே வீட்டில் உட்கார்ந்து பயப்படலாம். விடுமுறைக்கு வா. விடுமுறை முடிந்தும் போகாதே."

ஒரு பிழையும் இல்லை. டீச்சர் அந்தக் கடிதத்தை முதல்முறையாகக் கேட்டாள். கண்ணில் திரண்டதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். யாராவது பார்ப்பார்கள் என்று பாதியில் இறக்கிக்கொண்டாள்.

அரங்கம் கைதட்டி ஓயவில்லை. தலைமையாசிரியை வாலுவை மேடையேற்றி மைக்கை நீட்டினார். "சொல்லும்மா, யாரந்தச் சிவப்பு மை?"

வாலு தயங்கவே இல்லை. "எங்க டீச்சர்தான் மேடம். நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

நானூறு தலைகளும் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பின. முடிந்தது. எல்லாம் முடிந்தது.

"ஐயோ, என் தங்கமே!" என்று தலைமையாசிரியை கூவினார். "டீச்சரையே தோழியா நினைச்சு எழுதியிருக்கா பாருங்க! டீச்சர், மேடைக்கு வாங்க!"

கணக்கு டீச்சர் அவளை எழுப்பித் தள்ளினார். படியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சிறப்பு விருந்தினர் பூங்கொத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்தாள். நானூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் எழுத்தரம்மா மட்டும் கைதட்டாமல், வாயைப் பொத்திக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடைக்குப் பின்னால், திரைச்சீலைகளை மடித்து வைக்கும் குறுகிய இடத்தில், டீச்சர் எட்டு மணி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். பயம் அத்தனையும் கோபமாகத் திரும்பியிருந்தது.

"வேற ஏதாவது சொல்றேன்னு சொன்னீங்களே!"

"கையில குடுத்ததை வாசிக்கறதுதானே என் பொழப்பு," என்றாள் அவள், சிரிக்கப் பார்த்து. "இப்பவாவது மார்க்கை மாத்துவியா?"

"அலுவலகத்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு மனு வரும். உங்களை நம்பி உக்காந்திருந்தேன். தாள்ல இருக்கறதைத் தவிர சொந்தமா நாலு வார்த்தை பேச வராதா உங்களுக்கு?"

எட்டு மணி அக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

"இனிமே லெட்டர் வேண்டாங்க. போதும். எனக்கு இந்தப் பயத்தைத் தாங்கற சக்தி இல்ல."

"சரிங்க டீச்சர்."

ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அவள் 'ங்க' போட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் காரை நோக்கி நடந்தாள். மேக உடையைக் கழற்றாத சிறுமி, திரும்பித் திரும்பிப் பார்த்து டீச்சருக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.

டீச்சர் பூங்கொத்தோடு நின்றாள். பின்னால் காலடிச் சத்தம். எழுத்தரம்மா. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். வந்த வேகத்தில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும். மத்தியானமே கேட்டு வந்தீங்க. மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

"எனக்கு என்ன தெரியும்? என்னக்கா சொல்றீங்க?"

"ஒரு நகல் எடுத்து வைக்கலாம்னு போட்டேன் டீச்சர், மெஷின் அந்தக் கடிதத்தை உள்ளே இழுத்துச் சுக்குநூறாக்கிடுச்சு. அந்தம்மா மேடையில வச்சு என் மானத்தை வாங்கப்போறாங்கன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். புண்ணியவதி, எப்படித்தான் சமாளிச்சாங்களோ, நான் அந்தக் கவருக்குள்ள வச்சது வெறும் வெள்ளைத்தாள் டீச்சர்!"